புள்ளியை ஏற்காத படிவம்

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் தமிழர் கேரளத் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை அது. இணையப் படிவத்தில் அதைப் பறிக்க அரசாணை வேண்டியதில்லை. பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் ஒரு வரி ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதும்.

‘யூனிகோடு எழுத்து எதுவும் செல்லும்’ என்று அவ்விதியைத் திருத்துவோரும் தமிழை எண்ணுவதில்லை. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை. ‘குறி’ என்னும் தனி வகையில் உள்ளன. (மெய் புள்ளி பெறும் என்பதைத் தொல்காப்பியமே அறியும்.) ‘கமல’ தேறும், ‘கமலா’ தேறாது, ‘முருகன்’ மகரத்தைத் தாண்டியதுமே பிழை.

பாதுகாப்புக்காகவே இக்கட்டுப்பாடு என்பது சாக்கு. தரவுத்தளக் கட்டளையையும் உள்ளீட்டையும் பிரித்து அனுப்புவதே எஸ்கியூஎல் ஊடுருவலுக்குத் தடை; பெயரை வெட்டுவது அன்று.

தலைப்பெழுத்தை மறுத்துக் குடும்பப்பெயர் கேட்கும் கட்டம் இன்னும் கொடிது. மாணவர் தந்தை பெயரை விரித்தெழுதுகிறார். பள்ளிச் சான்றிதழோடு அது பொருந்தாது போகிறது. திருத்த அலைபவரும் அவரே.