கூரை வேயாத வீடும் நீடிய பொறுமையும்



நம் வாலிபர்கள் கணினியில் விளையாடும் விளையாட்டுகளில் ஒரு வகை, முடிவுறாத நிலையிலேயே விற்பனைக்கு வருகிறது. அதற்கு ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று பெயர். ஸ்டீம் என்னும் இணையக் கடை 2013-இல் இம்முறையைத் தொடங்கிற்று. கூரை வேயாத வீட்டை விலைகொடுத்து வாங்கிக் குடிபுகுவதற்கு ஒப்பானது இது. கூரை தாமதித்தால் குடிபுகுந்தவர் எதுவரை பொறுப்பது? விளையாட்டைப் பற்றிய கேள்வியானாலும் இது சிறுபிள்ளைத்தனமான கேள்வியன்று.

“அரைகுறை என்று தெரிந்துதானே வாங்கினாய், வாய்மூடி இரு” என்கிறார்கள் சிலர். “என் பணத்தை வாங்கினவன் எனக்குக் கணக்குக் கொடுக்கட்டும்” என்று இரவும் பகலும் வசைமொழி எழுதுகிறார்கள் வேறு சிலர். இவ்விரண்டும் எனக்கு ஏற்புடையவை அல்ல.

பிராகு நகரத்தில் ஒரு சிறு குழுவினர் ஃபாக்டோரியோ என்னும் விளையாட்டை உருவாக்கினார்கள். 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 2016-இல் ஸ்டீமில் விற்கத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டில்தான் அது முழுமையடைந்தது. இத்தனை ஆண்டுகளையும் வாங்கினவர்கள் பெரும்பாலும் முறுமுறுக்காமல் பொறுத்தார்கள். காரணம் எளியது. வெள்ளிக்கிழமைதோறும் அக்குழு ஒரு மடல் எழுதிற்று: எதைக் கட்டினோம், எது சரிவரவில்லை, எதை இடித்துத் திரும்பக் கட்டுகிறோம் என்று. நல்ல செய்தி இல்லாத வாரத்திலும் மடல் வந்தது. தாமதத்தைச் சகிக்கிற மனிதன் மௌனத்தைச் சகிப்பதில்லை. (சபைக் கட்டடக் குழுவில் இருந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள்.)

மறுபுறம் பாருங்கள். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டின் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில், ஏறத்தாழ 50 டாலர் விலையில், முடிவுறாமலே வந்தது. வேற்றுக்கோள்களில் குடியிருப்புகள், நட்சத்திரங்களுக்கிடையே பயணம், பலர் சேர்ந்து விளையாடும் வசதி யாவும் பின்னால் வரும் என்றார்கள். அவை வரவில்லை. 2024-இல் அதை உருவாக்கிய குழுவே கலைக்கப்பட்டது. பொறுத்திருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். உழைத்தவர்கள் வேலையை இழந்தார்கள். முந்தினதைப் பற்றியே எங்கும் பேச்சு.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. நீடிய பொறுமை ஆவியின் கனிகளில் ஒன்று என்று கற்றிருக்கிறோம். அது மனிதரிடம் காட்டவேண்டியது. பணப்பையைத் திறந்தே வைத்திருக்கும்படி அது நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. வெளியீட்டுத் தேதியையும் நிதியையும் தீர்மானிக்கிறவர் வேறு. நள்ளிரவில் பிழைதிருத்தும் ஊழியர் வேறு. வசைமொழி வந்து சேர்வதோ பெரும்பாலும் அந்த ஊழியரிடம். அவரிடம் சாந்தமாய்ப் பேசுங்கள். அதேவேளையில் இனி ஒரு காசும் தரமாட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே நாவிலிருந்து வருவதில் முரண் ஏதுமில்லை.

ஸ்டார் சிட்டிசன் என்னும் விளையாட்டு 2012-இல் நிதி திரட்டி, 2014-இல் வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டது. அது இன்னும் முழுமையடையவில்லை. ஆனாலும் அதற்குள் பறக்கும் கற்பனைக் கப்பல்கள், சில நூற்றுக்கணக்கான டாலர் விலையில்கூட, விற்கப்படுகின்றன. அன்று முதற்பணம் கொடுத்தவர் இன்று புதிய கப்பலையும் வாங்கினால், அதைப் பொறுமை என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. கொடுத்ததை வீண் என்று ஒப்புக்கொள்ள முடியாமல் மேலும் கொடுப்பது அது.

பெற்றோரே, மகன் இத்தகைய ஒன்றைக் கேட்டால் உடனே மறுக்கவேண்டாம். இன்றிருக்கும் நிலையிலேயே அது அவனுக்குப் போதுமா என்று கேளுங்கள். கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். ஓராண்டுக்கு மேல் திருத்தம் இல்லாவிட்டால், 2025 முதல் ஸ்டீம் கடையே அதை அறிவிக்கிறது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த முதல் இரண்டு மணிநேரமும் அவன் அருகில் இருங்கள்.