டைனமோவை மாத்தியாச்சு, சார்ஜ் ஏறலை: குறை எங்கே?

களம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரிசி. அந்த அரிசி மில்லை விட்டு வெளியே போகணும்னா வண்டி ஓடணும். மூட்டை ஏத்துற மினி லாரி, ஆரணிக்குப் பட்டு நூல் கொண்டுபோற வேன், நம்ம ஊர்லயே இருக்கிற ஆரணி ரோடு ஸ்டேஷன்ல சவாரிக்கு நிற்கிற ஆட்டோ, எதுவாக இருந்தாலும் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. தவணை மட்டும் நிற்காது.

இந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம்: "டைனமோ போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்." ஆல்டர்னேட்டருக்கு நம்ம பக்கம் இன்னும் டைனமோ என்றுதான் பெயர். மாத்துவார்கள். சில ஆயிரம் கைவிட்டுப் போகும். இரண்டு நாளில் டேஷ்போர்டில் அதே சிவப்பு பேட்டரி லைட் மறுபடி எரியும். அடுத்த தீர்ப்பும் தயாராக இருக்கும்: "புதுசும் டூப்ளிகேட் போல." இன்னொன்று வாங்குவார்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிடறேன். புது ஆல்டர்னேட்டர் போட்ட பிறகும் சார்ஜ் ஏறலைன்னா, மூன்றாவது ஆல்டர்னேட்டரைத் தேடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைத் தேடணும். அந்த மல்டிமீட்டரைப் பிடிக்க வேண்டிய கை நம்மளோடது. நாலு வருஷம் பொறியியல் படிக்கிற நமக்கு அது வரலைன்னா, பட்டம் வாங்கி ஊருக்கு என்ன புண்ணியம்?

தறியில் இழை அறுந்தால்

ஆரணிப் பக்கம் நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிடலாம். பாவில் ஒரு இழை அறுந்தால் யாராவது தறியை மாத்துவார்களா? எந்த இழை, எங்கே அறுந்தது என்று பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டு நெசவைத் தொடருவார்கள். சார்ஜிங் சிஸ்டமும் அப்படி ஒரு இழைதான். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனையில் கிளம்புகிற கரண்ட் தடித்த கேபிள், ஃபியூஸ் லிங்க் வழியாகப் பேட்டரிக்குப் போகுது. அங்கிருந்து எர்த் கேபிள், சேஸிஸ், இன்ஜின் பிளாக் வழியாகத் திரும்பி ஆல்டர்னேட்டர் பாடிக்கு வருது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் துரு பிடித்தாலும், நட்டு தளர்ந்தாலும், பேட்டரி பட்டினிதான்.

ஆல்டர்னேட்டரை மாத்தும்போது மாறுவது ஒரு பாகம் மட்டுமே. கேபிள் பழசு, பெல்ட் பழசு, எர்த் பழசு, பேட்டரி பழசு. அப்புறம் ஏன் குறை மட்டும் புதுசுல இருக்கணும்?

பத்து நிமிஷம், ஐந்து அளவு

நம்ம ஊரில் ஓடும் சின்ன வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். அதையே எடுத்துக்குவோம்.

ஒன்று: இன்ஜின் ஆஃப். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.0 பக்கம் இருந்தால் கிட்டத்தட்ட காலி. காலியான பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரைக் கோர்த்துவிட்டால், அது முழு லோடில் மணிக்கணக்கில் சூடாகி உழைக்கணும். அது அதுக்காகச் செய்யப்பட்டதில்லை. முதல்ல பேட்டரியைச் சார்ஜரில் போட்டு ஏத்திவிட்டு வாங்க.

இரண்டு: சாவியை ஆன் பண்ணுங்க, இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சிவப்பு லைட் எரியணும். எரியலையா? பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகுது. அந்தக் கரண்ட்தான் முதல் காந்தப் புலத்தை உண்டாக்குது. பல்பு ஃபியூஸ் போனாலோ ஒயர் அறுந்தாலோ, நல்ல ஆல்டர்னேட்டரும் தூங்கும், இல்லைன்னா ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிச்ச பிறகுதான் விழிக்கும். சில ரூபாய் பல்புக்காகச் சில ஆயிரம் ரூபாய் பார்ட் மாறின வண்டிகள் உண்டு.

மூன்று: இன்ஜின் ஓட்டத்தில், கொஞ்சம் ஆர்.பி.எம் ஏத்தி, பேட்டரி முனையில் அளங்க. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. ஹெட்லைட்டும் ஃபேனும் போட்ட பிறகு சரசரன்னு இறங்கினால் பெல்ட்டைப் பாருங்க. பெல்ட் வழுக்கினால் புல்லி சுத்துற மாதிரி இருக்கும், லோடு வந்ததும் பின்வாங்கும்.

நான்கு: இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த அளவு. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பி பிளஸ் ஸ்டட்டில் வையுங்க, மற்றதைப் பேட்டரி பிளஸ்ஸில். பிறகு ஆல்டர்னேட்டர் பாடியிலும் பேட்டரி மைனஸிலும் அதே மாதிரி. பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குறை வழியில் இருக்கு.

ஐந்து: மீட்டரை ஏ.சி வோல்ட்டுக்கு மாத்தி, இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரி முனையில் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் ஏ.சி தெரிந்தால் ரெக்டிஃபையர் டையோடு மேல் சந்தேகப்படலாம். இங்கே புது ஆல்டர்னேட்டரும் குற்றவாளியாக இருக்கலாம். அதையும் ஒத்துக்கணும். அளவு எந்தப் பக்கம் கை காட்டுதோ அந்தப் பக்கம் போகணும், அவ்வளவுதான்.

ஓம் விதி ரோட்டில் வேலை செய்யுது

"ஒயரை ஓம் மீட்டரில் பார்த்தோமே, ஜீரோ காட்டுச்சே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. துரு பிடித்த ஒரு ரிங் டெர்மினலில் 0.03 ஓம் எதிர்ப்பு இருக்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரின் புரோப் ஒயருக்கே அதைவிடப் பல மடங்கு எதிர்ப்பு உண்டு. அந்த மீட்டருக்கு 0.03 ஓம் கண்ணிலேயே படாது. ஆனால் அதன் வழியாக 40 ஆம்பியர் போனால்? 40 பெருக்கல் 0.03, அதாவது 1.2 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருக்கும், பேட்டரிக்கு 13.0தான் வந்து சேரும். கூடவே அந்த முனையில் 48 வாட் சூடு. இரண்டு 25 வாட் சோல்டரிங் அயனை அந்த நட்டின் மேல் வைத்த மாதிரி.

வேடிக்கை என்னன்னா, பல வண்டிகளில் ரெகுலேட்டர் தன் வாசலில் இருக்கிற வோல்டேஜை மட்டும்தான் பார்க்குது. அங்கே 14.2 இருக்கு, "எல்லாம் சரி" என்று அது நிம்மதியா இருக்கும். தெருக்கோடியில் பேட்டரி காய்ந்து கிடப்பது அதுக்குத் தெரியாது. எத்தனை புது ஆல்டர்னேட்டர் மாட்டினாலும் இதே கதைதான். உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும், அந்த முனையைத் தேய்த்து முடுக்க.

இதில் உயிரும் இருக்கு

வெறும் காசு விஷயம் என்று நினைக்காதீங்க. இழை பல்பு ஹெட்லைட்டில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். சார்ஜ் ஏறாத வண்டி ராத்திரி போளூர் ரோட்டில் லோடோடு போகும்போது ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய சைக்கிள்காரர் தெரியாமல் போவார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியே ஆகணும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கலை, டைனமோ நல்லா இருக்கு" என்று பார்ப்பது. இது நிஜமான டைனமோ இருந்த காலத்துப் பழக்கம். கார்களில் ஆல்டர்னேட்டர் பரவத் தொடங்கியதே 1960-இல் கிரைஸ்லர் வேலியன்ட் வந்த பிறகுதான். ஆல்டர்னேட்டரில் பேட்டரியைத் திடீரெனப் பிரித்தால், ரோட்டரின் காந்தப் புலம் அடங்குவதற்குள் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். லோடு டம்ப் என்று அதற்குப் பெயர். அதைத் தாங்குகிறதா என்று சோதிக்கவே ஐ.எஸ்.ஓ 16750 தரத்தில் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் அந்தத் துள்ளலில் இ.சி.யு போனால், ஆல்டர்னேட்டர் விலையை நினைத்துச் சிரிக்க வேண்டியதுதான்.

புது வண்டிகளில் இன்னொன்றும் இருக்கு. சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இ.சி.யுவே கூட்டிக் குறைக்குது. பேட்டரி நிறைந்ததும் எரிபொருள் மிச்சம் பண்ண வேண்டுமென்றே 13-க்குக் கீழே இறக்கும். மூன்றாவது அளவை வைத்து அங்கே அவசரத் தீர்ப்பு சொல்லக்கூடாது. சர்வீஸ் மேனுவலைப் படிக்கணும். படிக்கிறதுதானே நம்ம வேலை?

மெக்கானிக்கைத் திட்டாதீங்க

இதைப் படிச்சிட்டு "மெக்கானிக்குகளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கிளம்பினால் நான் எழுதினது வீண். சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிற அண்ணன்கள் அவர்கள். லோடு ஏத்தின வண்டி வாசலில், ஓனர் போன் மேல போன். அந்த அவசரத்தில் அளந்து பார்க்க நேரம் கொடுக்கிறது யார்? அளந்ததற்குக் கூலி கொடுக்கிறதும் யார்? பார்ட் மாத்தினால் காசு கேட்கலாம், "எர்த் நட்டை முடுக்கினேன்" என்றால் "இதுக்கா ஐநூறு?" என்கிறோம். குறையைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி உண்டு என்று வண்டிக்காரர்களும் நாமும் ஒத்துக்கொள்ளும் வரை, பார்ட் மாத்துகிற வைத்தியம்தான் நடக்கும்.

நம்ம பக்கத்துக் குறையையும் பேசணும். ஆல்டர்னேட்டர் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் பதின்மூன்று மார்க் வாங்கிடுவோம். ஓம் விதியை நிரூபிக்க லேபில் ரியோஸ்டாட்டைத் திருப்புறோம். அதே விதி ஒரு துருப்பிடித்த நட்டுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு என்று யாரும் காட்டுவதில்லை. ஐ.டி.ஐ-யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற தம்பி நமக்கு முன்னாடியே இதைக் கையால் செய்து பழகிடறான்.

என் யோசனை சின்னதுதான். ஆட்டோமொபைல் லேபில் ஒரு வண்டியை எடுத்து வேண்டுமென்றே ஒரு குறையை வையுங்க: தளர்ந்த எர்த், ஃபியூஸ் போன பல்பு, வழுக்குற பெல்ட். மாணவர் அளந்து கண்டுபிடிக்கணும், எந்தப் பார்ட்டையும் மாத்தக் கூடாது. ஒரே ஒரு பிராக்டிகல். கல்லூரி செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, தெரிந்த அண்ணனின் எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சனிக்கிழமை உட்காருங்க. அவர் காதால் கேட்பதை நீங்கள் கற்றுக்கொள்ளுங்க, நீங்கள் மீட்டரில் பார்ப்பதை அவருக்குக் காட்டுங்க.

அடுத்த தடவை உங்க தெருவில் யாராவது "டைனமோ மாத்தியும் சார்ஜ் ஏறலைப்பா" என்றால், "அண்ணே, ஹெட்லைட்டைப் போட்டு பி பிளஸ்ல இருந்து பேட்டரி வரைக்கும் எவ்வளவு டிராப்னு பாப்போமா?" என்று கேளுங்க. அந்த ஒரு கேள்வியில் ஒரு குடும்பத்தின் சில ஆயிரம் ரூபாய் மிஞ்சும்.