நம்பர் இருக்கு, கம்பெனி இல்லை!

"ஒரு ஏரோப்ளேன் போயிட்டா அடுத்த ஏரோப்ளேன். ஏரோப்ளேன் கம்பெனியே போயிட்டா என்ன ஸார் பண்றது?"

ஏற்றுமதி ஆபீஸில் குப்பை கொட்டும் நண்பர் கேட்டார். கையில் பழைய ஏர்வே பில். (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். செத்தவரைப் பற்றிப் பொல்லாப்பு எதற்கு?) அனுப்பிய பெட்டிகள் மூன்று, போய்ச் சேர்ந்தவை இரண்டு. ஆடிட்டர் பிடித்துக்கொண்டார். பில் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால், பூட்டின வீட்டில் காலிங் பெல் அடித்த கதை.

"முதல்லே நம்பரைப் பாருய்யா" என்றேன். மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்று, கம்பெனியின் கோத்திரம். ஏர் இந்தியாவுக்கு 098, லுஃப்தான்ஸாவுக்கு 020. அடுத்த ஏழு, பில்லின் சொந்த நம்பர். கடைசி ஒன்று வாட்ச்மேன். அதாவது, அந்த ஏழிலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வருகிற மீதி. 1234567-ஐ வகுத்துப் பாருங்கள், மீதி 5. ஆக, 12345675. கடைசி இலக்கம் 7, 8, 9 என்று இருந்தால் மேலே தேடவே வேண்டாம், எங்கேயோ தப்பு!

நண்பருடையது 8-இல் முடிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததில், அது 3.

சரியான நம்பருக்கும் அதே மௌனம்தான்.

இந்தக் கோத்திர விவகாரம் விசித்திரமானது. ஸ்விட்ஸர்லாந்தின் ஸ்விஸ்ஏருக்கு 085. 'பறக்கும் பேங்க்' என்று பேர் வாங்கின கம்பெனி. 2001 அக்டோபர் 2-ஆம் தேதி எரிபொருள் போட ரொக்கம் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றுவிட்டன. பேங்க்கில் காசில்லை! அரசாங்கம் கைமாற்றுக் கொடுத்து, 2002 மார்ச் கடைசி வரை மூச்சு ஓடியது. பிறகு அதன் தம்பிக் கம்பெனி க்ராஸ்ஏர், 'ஸ்விஸ்' என்று பேரை மாற்றிக்கொண்டு அண்ணன் இடத்துக்கு வந்தது. ஆனால், தன் சொந்த 724-ஐத்தான் வைத்துக்கொண்டது. அண்ணனின் 085-ஐத் தொடவில்லை.

இத்தாலியில் தலைகீழ். அலிடாலியாவின் கடைசி விமானம் 2021 அக்டோபர் 14 ராத்திரி இறங்கியது. மறுநாள் ஐ.டி.ஏ. ஏர்வேஸ் கிளம்பியது. அதே ஏ.இஸட்., அதே 055. பழைய பேரையும் 9 கோடி யூரோவுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சரி, பழைய கடன்? அலிடாலியா வாங்கியிருந்த 90 கோடி யூரோ சர்க்கார் கடனுக்குப் புதியவர்கள் பொறுப்பில்லை என்று ஐரோப்பிய கமிஷன் அந்த செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வீட்டு நம்பர் அதே, வாசலில் கோலம்கூட அதே. கடன்காரன் போய்த் தட்டினால், 'அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டாரே!'

ஆகவே முன் மூன்று இலக்கத்தைப் பார்த்து ஏமாறாமல், பில் தேதியைப் பாருங்கள்.

கம்பெனி மூடினாலும் சரக்கு ஆவியாகிவிடாது என்பது ஒரு ஆறுதல். பல ஊர்களில் பெட்டியை இறக்கி ஷெட்டில் வைக்கிறவர்கள் வேறு கான்ட்ராக்ட்காரர்கள். அவர்கள் ஏட்டில் ஆர்.சி.எஃப். (விமானத்திலிருந்து வந்தது), என்.எஃப்.டி. (ஆளுக்குச் சொல்லியாச்சு), டி.எல்.வி. (கொடுத்தாச்சு) என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஃபார்வர்டர் தனியாக ஹவுஸ் பில் கொடுத்திருந்தால் அவர் சட்டையையும் பிடிக்கலாம். ஏனென்றால், சரக்கைக் கொண்டு சேர்க்கிறேன் என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். செத்த கம்பெனியின் சொத்தை விற்றுத் தருகிற பணத்துக்கு வரிசையில் நிற்பதைவிட இது உத்தமம். வரிசை ரொம்ப நீளம் ஸார்.

எவ்வளவு கிடைக்கும்? 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். என்று ஆரம்பித்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆகியிருக்கிறது. சுமார் 35 டாலர். உள்ளே இருப்பது வைரமோ வெண்டைக்காயோ, கணக்கு எடைக்குத்தான். மதிப்பை பில்லிலேயே எழுதி, அதற்கு உண்டான கூடுதல் சார்ஜைக் கட்டியிருந்தால் வேறு கதை.

நண்பர் பில்லைத் திருப்பினார். மதிப்புக் கட்டத்தில் என்.வி.டி. 'மதிப்பு எதுவும் சொல்லவில்லை' என்று அர்த்தம்.

"வழக்கமா அப்படித்தான் ஸார் டைப் அடிப்போம்."

"பரவாயில்லை, எடைக்காவது கிடைக்கும். ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ளே கேஸ் போடணும். போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய தேதியிலேர்ந்து கணக்கு."

நண்பர் விரல் விட்டு எண்ணினார். திரும்ப ஒருமுறை எண்ணினார். இரண்டு வருஷம், பதினோரு நாள்.

"அந்தப் பதினோரு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"8-ஐத் தட்டிக்கிட்டிருந்தேன் ஸார்."