கண்ணொளிக்கும் கொழும்புப் பாதைதானா?

நுரைச்சோலைக் கரையில் எரியும் நிலக்கரி, 900 மெகாவாட் வலுவுள்ள நிலையத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒளி வழங்குகிறது. பாலாவிச் சீமெந்து நகரத்து மாடிகளாக உயர்கிறது. கற்பிட்டி மணலில் விளையும் வெங்காயமும், உடப்புக் கரைவலையில் விழும் மீனும் நகரத்துச் சந்தையை நாடிச் செல்கின்றன. இத்தனையும் ஈந்த கரையிலே, வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்து முதிர்ந்தோர் கண்ணிற் புரை படர்ந்து, பெற்ற மகனைக் குரலால் அறிந்து வாழ்கின்றனர். இது விதியா? அன்று, அநீதி என்கிறோம் நாம்.

2014-2015 இல் நடந்த தேசிய ஆய்வு, நாற்பது வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணம் என்று கண்டது. மருந்தில்லா நோயாயின் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் புரையை அகற்றி வில்லை பொருத்த அரைமணி நேரம் போதும். அன்றே வீடு திரும்பலாம். அதுவும் கிடையாமல் ஒருவர் குருடராய் இருப்பாராயின், அவரைக் குருடாக்கியது நோயா, நிர்வாகமா?

வெயிலின் புறஊதாக் கதிர் கண்புரையை வளர்க்கும் என்பதை, அமெரிக்காவின் செசபீக் குடாவில் நீர்த்தொழில் செய்வோரிடம் நடத்தி 1988 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நம் மீனவனும் தோட்டக்காரனும் அதே கதிரின் கீழ் அரை நூற்றாண்டு நின்றவர்கள். தேவை மிகுந்த இடத்திற்குச் சேவை மிகவேண்டும் என்பதே நியாயம்.

"அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தானே, வந்தால் செய்கிறோம்" என்பர் அதிகாரிகள். சத்திர சிகிச்சை இலவசம். அதை அடையும் பாதை இலவசமன்று! கற்பிட்டியிலிருந்து புத்தளம் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து கொழும்புக் கண் வைத்தியசாலை ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோமீற்றர். பரிசோதனைக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள், பின்பார்வைக்குப் பல நாள். ஒவ்வொரு நாளும் துணைக்கு வரும் மகன் கடலுக்குப் போகாத நாள். மருமகள் தோட்டக்கூலி இழந்த நாள். கொழும்பிலுள்ள முதியவருக்கு இது முச்சக்கர வண்டிப் பயணம்; நம்மவருக்கோ ஒரு மாதச் சேமிப்பு.

எத்தனை சிகிச்சை செய்தோம் என்று கணக்குக் காட்டுவோரைக் கேட்கிறோம்: வந்தவரை எண்ணினீர்கள், வராதவரை எண்ணியதுண்டா? 1961 இல் தோன்றிய நம் நாட்டுக் கண்தானச் சங்கம், 1964 முதல் பிறநாட்டாருக்கு விழிவெண்படலங்களை அனுப்பிப் புகழ் பெற்றது. உலகுக்குக் கண் கொடுத்த நாடு, கற்பிட்டிக் கிழவருக்கு ஒரு வில்லை கொடுக்கத் தயங்குவதா?

வழியில்லை என்று எவரும் சொல்லற்க. 1976 இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமத்தில் முகாம் இட்டது. பஸ்ஸில் ஏற்றிச் சென்றது. சிகிச்சை செய்து திருப்பிக் கொண்டுவந்து விட்டது. 1992 முதல் வில்லையையும் தானே செய்து விலையைத் தாழ்த்தியது. பாக்குநீரிணைக்கு அப்பால் முடிந்தது இங்கு முடியாதா?

நம்மவரையும் நாம் விடுவதற்கில்லை. "வயது போனால் பார்வையும் போகும்" என்று தாயை மூலையில் இருத்திவிட்டு, படகு இயந்திரம் பழுதானால் அன்றே கொழும்புக்கு ஓடுவது எந்த அறம்? படித்த ஆசிரியரும், வைத்தியரும், சட்டத்தரணியும் தத்தம் ஊரில் பார்வை குன்றியோரின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கட்டும். கோயிலும், பள்ளிவாசலும், தேவாலயமும், 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு முதுமை எய்திய மக்களின் குடியிருப்புகளும் அதில் ஒன்றுசேரட்டும். புரைக்கு இனமுமில்லை, மதமுமில்லை.

நம் கோரிக்கை மூன்று. கற்பிட்டி முதல் உடப்பு வரை ஊர்தோறும் ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை. நோயாளியையும் துணைவரையும் ஏற்றியிறக்க அரசாங்க வாகனம். பிரதேச செயலகப் பிரிவுவாரியாகச் சிகிச்சை பெற்றோர், காத்திருப்போர் கணக்கை வெளியிடல். இவை சலுகையல்ல, வரி செலுத்திய கைகளின் உரிமை. வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். வாக்குச்சீட்டைக் காணும் கண்ணையாவது அவர்கள் காக்கட்டும்!