“திறந்து பார்த்துட்டு மூடிட்டாங்களாம்!”

காலை ஷிஃப்ட்டில் வந்து உட்கார்ந்ததும், ராத்திரி முழுக்க மக்கள் எதைத் தேடினார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். தங்கம் விலை இருக்கும். மழை லீவு இருக்கும். சில நாள்களில் ஒரு நடிகர் பெயரோ யூடியூபர் பெயரோ இருக்கும், பக்கத்திலேயே ‘ஹெல்த்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஆபீஸில் காபி ஆறிப்போகும். யார் சொன்னது, எந்த ஆஸ்பத்திரி, அறிக்கை வந்ததா என்று போன் மேல் போன். அதற்குள் அரை டஜன் வீடியோக்கள் ஏறியிருக்கும். ஆக்சிஜன் மாஸ்க் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் அந்தப் பிரபலத்தின் தலையை ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு, ‘கதறும் குடும்பம்’ என்று தலைப்பு.

2024 செப்டம்பர் 30 நினைவிருக்கிறதா? ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் சேர்ந்த நாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் வீக்கம். நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாக உள்ளே போய் ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை அடைத்துவிட்டதாக மருத்துவமனை அறிக்கை கொடுத்தது. நலமாக இருக்கிறார், இரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்றும் அதிலேயே இருந்தது. சில வரிகள்தான். படித்தால் விஷயம் முடிந்தது.

ஆனால், ‘கூலி’ ஷூட்டிங்கில் கஷ்டப்படுத்தியதால்தான் இப்படி ஆனது என்று சிலர் யூடியூபில் ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இயக்குநர் லோகேஷ் கனகராஜே விமான நிலையத்தில் மைக் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் சிகிச்சை பற்றி ரஜினி 40 நாள்களுக்கு முன்பே படக்குழுவிடம் சொல்லிவிட்டார், அதற்கு ஏற்றபடிதான் ஷூட்டிங் தேதியையே போட்டோம் என்றார் அவர். செட்டில் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலப் பேசுகிறார்களே என்ற வருத்தமும் அவர் பேச்சில் இருந்தது. தேதி குறித்து, திட்டம் போட்டுச் செய்துகொண்ட சிகிச்சை அது. அதை ‘திடீர்’ என்று தொடங்கிப் பேசியவர்கள்தான் அதிகம்.

அதே வருடம் மார்ச்சில் அஜித். வெளிநாட்டு ஷூட்டிங்குக்கு முன் வழக்கமான பரிசோதனை என்றுதான் முதலில் சொன்னார்கள். ‘மூளையில் கட்டி’ என்று கிளம்பிவிட்டது. காதுக்குக் கீழே உள்ள நரம்பில் சின்ன வீக்கம், அரை மணி நேரத்தில் சிகிச்சை முடிந்துவிட்டது, மூளையில் கட்டி எல்லாம் இல்லை என்று அவருடைய மேலாளர் சுரேஷ் சந்திரா மறுத்தார். காதுக்கும் மூளைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, வதந்தி அதை ஒரே தாவாகத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘சேர்த்திருக்காங்களாம்’, ‘சீரியஸாம்’. இந்த ‘ஆம்’ இருக்கிறதே, அது பொறுப்பைக் கழற்றிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுகிறது. நான் சொல்லவில்லை, சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு விதத்தில் அது நேர்மையான எழுத்தும்கூட, ‘இது கேள்விப்பட்டது, நான் பார்த்ததில்லை’ என்று கேட்பவருக்குச் சொல்லிவிடும். யூடியூப் தலைப்பில் அந்த ‘ஆம்’ காணாமல்போய், அங்கே கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது. ‘கவலைக்கிடம்?’ கேள்வி கேட்டவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்ற தெம்பு.

இதெல்லாம் பிரபலங்களுக்கு நடப்பது, நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்குச் சொந்த ஊர் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூர் பக்கம் போக வேண்டும். பூண்டும் உருளையும் கேரட்டும் விளைகிற ஊர். எங்கள் மலையில் ‘கீழே’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. சந்தைக்குக் கீழே போவார்கள், படிக்கக் கீழே போவார்கள், அதெல்லாம் சாதாரணம். ‘கீழே கொண்டுபோயிட்டாங்க’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் மட்டும் அது ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து கொடைக்கானலுக்கே சுமார் 40 கிலோமீட்டர், அதற்கப்புறம் வத்தலக்குண்டு வரை மலைப்பாதை. திண்டுக்கல்லோ தேனியோ மதுரையோ போய்ச் சேர பாதி நாள் ஆகும். வண்டி ஏறுவதை ஊரே பார்க்கும். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை யாரும் பார்க்க முடியாது. அந்த இடைவெளிதான் வதந்திக்கு வயல்.

என் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி பொறுக்காமல் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை போட்டு, கேமரா வைத்துச் செய்கிற ஆபரேஷன். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்ததால் அது இறங்கும் வரை ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். முடிந்த பிறகு ஒரு ராத்திரி ஐ.சி.யூ-வில் வைத்திருந்தார்கள். மொத்தம் ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில், பார்க்க வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன், டிரிப்ஸ் ஏறுகிற கையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். ‘கெட் வெல் சூன் பெரியம்மா’, கூடவே அழுகிற பொம்மை. மூன்றாம் நாள் ஊரில் விஷயம் இப்படி ஆகியிருந்தது: “வயித்தைத் திறந்து பார்த்துட்டு மூடிட்டாங்களாம்.”

இந்த ஒரு வரிக்குத் தமிழ்க் குடும்பங்களில் விளக்கவுரை தேவையில்லை. புற்றுநோய், முற்றிவிட்டது, டாக்டரே கையை விரித்துவிட்டார், இவ்வளவும் அதற்குள் இருக்கிறது. அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டிலிருந்து, நடுவில் இருந்தவர் மூலமாக ஒரு கேள்வி வந்தது: “அவங்க வம்சத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?” பூண்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் பெரியப்பாவுக்குப் போன் செய்து நலம் விசாரித்தார், முன்பணத்தையும் விசாரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பயம் அவருக்கு.

இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்த கஷ்டங்கள்தான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “நெசமாவே மூடிட்டாங்களாடி? என்கிட்ட மறைக்காதீங்க.” பெரியம்மாவின் தலையணைக்கு அடியிலும் ஒரு போன் இருந்தது. ஊர் குரூப்பில் அவரும் இருந்தார்.

டாக்டர் மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது, எடுத்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, பெரியம்மா கையிலேயே கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் கஞ்சி குடித்தார். நோயாளியைப் பற்றிய வதந்தியை முதலில் நம்பிவிடுவது பல நேரம் நோயாளிதான். தன்னிடம் எல்லாரும் மறைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒருவருடைய ஆபரேஷன் பற்றி எழுதும்போது, அதைப் படிக்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டு மூன்று சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஐ.சி.யூ’ என்றாலே கடைசிக் கட்டம் இல்லை. பெரிய ஆபரேஷன் முடிந்தவர்களையும், சர்க்கரை, இதயப் பிரச்னை இருப்பவர்களையும் கண்காணிப்புக்காக அங்கே வைப்பது சாதாரணம். ‘ஸ்டேபிள்’ என்றால் குணமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை; நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மேலும் கீழும் போகாமல் நிற்கின்றன என்றுதான் பொருள். டிஸ்சார்ஜ் தள்ளிப்போவதற்குக் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம், இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வராததும் காரணமாக இருக்கலாம். ‘அங்கே வேலை செய்யற நர்ஸ் சொன்னாங்க’ என்று தொடங்குகிற செய்தி ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும், அது தவறான வழியில் வந்த உண்மை. இந்திய மருத்துவ கவுன்சில் 2002-ல் வகுத்த ஒழுக்க விதிகள்படி, சிகிச்சையின்போது தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, மற்றவருக்குக் கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் ஆகியவைதான் விலக்கு. ‘ரசிகர்கள் கேட்கிறார்கள்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

லண்டனிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் இளவரசி கேத்துக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. பிறகு அவர் வெளியே வரவில்லை என்றதும் உலகம் முழுக்கக் கற்பனை பறந்தது. மார்ச்சில் அரண்மனை கொடுத்த குடும்பப் போட்டோ திருத்தப்பட்டது என்று செய்தி நிறுவனங்கள் திரும்பப் பெற்றதும் தீயில் எண்ணெய். சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே அவருடைய ஃபைலை யாரோ எட்டிப் பார்க்க முயன்றதாகப் புகார் கிளம்பியது. கடைசியில் மார்ச் 22 அன்று, ஒரு பெஞ்ச்சில் உட்கார்ந்து, எனக்குப் புற்றுநோய் என்று அவரே வீடியோவில் சொன்னார். குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதற்குத்தான் அவருக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் யாரும் எதுவும் கேட்கவே கூடாதா? அப்படிச் சொல்ல என்னால் முடியாது, முக்கியமாகத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்றே பேச்சு கிளம்பியது. மருத்துவமனையில் அவர் சாப்பிடுகிற காட்சியை வீடியோ எடுத்து இங்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பிரசாரத்துக்கு ஒரு நாள்கூட வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். எங்கள் மலையிலிருந்து தெற்கே இறங்கினால் வருகிற அதே தேனிச் சீமை ஆண்டிபட்டிதான். வதந்திக்கு மருந்தாக வந்த முதல் ‘ஹெல்த் அப்டேட்’ வீடியோ என்று அதைச் சொல்லலாம். 2016-ல் ஜெயலலிதா அப்போலோவில் 75 நாள் இருந்தார். ஒரு போட்டோகூட வெளிவரவில்லை. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதானார்கள். டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் மரணச் செய்தியையே போட்டுவிட்டு, மருத்துவமனை மறுத்ததும் திரும்பப் பெற்றன. அன்றிரவு அவர் இறந்தார். ஆறுமுகசாமி ஆணையம் வந்து, 2022-ல் அறிக்கையும் வந்துவிட்டது. பேச்சு இன்னும் ஓயவில்லை. கையெழுத்துப் போட்டு ஆட்சி நடத்துகிறவரின் உடல்நிலை, நாட்டின் விஷயம். அங்கே கேள்வி கேட்பது குடிமக்களின் உரிமை. சமைத்துக் காட்டுகிறவரின் உடல்நிலை அப்படியல்ல.

சமைப்பவர் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ பெரியதம்பி தாத்தா. 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அவர்களுடையது. 2024-ல் தாத்தாவுக்கு இருதயப் பிரச்னை, சிகிச்சையில் இருக்கிறார் என்று செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் சோறு இறங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அவர் நடிகர் இல்லை, வாராவாரம் வீட்டுக்கு வருகிற சொந்தம். அந்தப் பாசத்தைத்தான் தம்ப்நெயில்காரர்கள் காசாக்குகிறார்கள். அன்பில்லாதவர்கள் யாரும் அந்த வீடியோவைத் தட்டுவதில்லை. தவித்துப்போய்த் தட்டுகிறவர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள்.

இந்த விஷயத்தில் நான் பார்த்தவரை மிகச் சரியாக நடந்துகொண்டவர் எஸ்.பி.பி-யின் மகன் சரண். 2020 ஆகஸ்ட் 5-ல் கொரோனாவுக்காக அப்பா மருத்துவமனையில் சேர்ந்து, நிலைமை மோசமான பிறகு, அவரே போனை எடுத்து வீடியோவில் பேச ஆரம்பித்தார். கூடுதல் நம்பிக்கையும் இல்லை, அழுகையும் இல்லை. ஆகஸ்ட் 24 காலை ‘எஸ்.பி.பி-க்குத் தொற்று நீங்கியது’ என்று செய்தி பரவியது. நல்ல செய்திதானே என்று அவர் விட்டிருக்கலாம். ஆனாலும் உடனே மறுத்தார். நெகட்டிவோ பாசிட்டிவோ, அப்பாவின் நிலையில் மாற்றமில்லை, முதலில் மருத்துவமனையுடன் பேசிவிட்டு நானே சொல்கிறேன், அதுவரை வதந்தி வேண்டாம் என்றார். தவறான கெட்ட செய்தியை மறுக்கிறவர்கள் நிறைய. தவறான நல்ல செய்தியை, அதுவும் சொந்த அப்பாவைப் பற்றி வந்ததை, மறுத்தவர் அவர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தொற்று உண்மையிலேயே நீங்கியபோது அதைச் சொன்னதும் அவர்தான். அப்பா டென்னிஸ் பார்க்கிறார், ஐ.பி.எல்-லுக்காகக் காத்திருக்கிறார் என்றார். செப்டம்பர் 25 பிற்பகலில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று கடைசிச் செய்தியைச் சொன்னதும் அவரே. அப்போதும் நேரத்தைச் சரியாகச் சொன்னார்: ஒரு மணி, நான்கு நிமிடம்.