கடைசிப் பொத்தான்



காயல்பட்டினமும் தூத்துக்குடியும் அடங்கிய நம் முத்துக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. கடலுள் மூழ்கியவருக்குத் தோணியிலிருந்து ஒருவர் கயிறு பிடித்திருப்பார். சைகை வருமுன் இழுத்தால் சிப்பி வராது. கைவிட்டாலோ உயிர் தங்காது. விழிப்போடு காத்திருப்பதே அவர் கடமை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்ப்போரின் கடமையும் அத்தகையதே. 1943-இல் மருத்துவர் லியோ கானர் 11 சிறாரை ஆய்ந்து இந்நிலையை விளக்கினார். தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று பின்னர் எழுந்த பழி பொய்யென நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே, எந்தத் தாயும் தலைகுனிய வேண்டுவதில்லை.

ஆனால், பாசமே தடையாகிவிடுவதும் உண்டு. பன்னிரண்டு வயது மகனுக்கும் தாயே சோறூட்டி, சட்டை மாட்டிவிடுகிறாள். "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்று இரவில் கலங்குபவளும் அவளே.

ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பதே சிறப்பாசிரியர் கையாளும் முறை. சட்டையின் பொத்தான்களைத் தாய் போட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் பிள்ளைக்கு விடுவாள். அது கைவந்தபின் கடைசி இரண்டையும் விடுவாள். முதலில் கையைப் பிடித்து உதவுதல், பின்னர் முழங்கையைத் தொடுதல், அதன்பின் சுட்டிக்காட்டுதல், இறுதியில் வாளாவிருத்தல் என உதவி படிப்படியாகக் குறையும். பல் துலக்கும் படிகளை வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டுவதும் பயன் தரும்.

இதனை மூவர் நால்வராகச் சேர்த்துக் கற்பித்தல் நலம். தட்டை அடுத்தவரிடம் நீட்டவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், பிறரைப் பார்த்துச் செய்யவும் தனியே பயில இயலாதன்றோ? பெருங்கூட்டமும் இரைச்சலும் இப்பிள்ளைகளில் பலரைத் துன்புறுத்தும். எனவே குழு சிறிதாகவே இருத்தல் வேண்டும். அதற்குள்ளும் ஒவ்வொருவருக்கும் அவரவர் படியே பாடம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி, சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் சட்டமும் ஆட்டிசம் உடையோரின் உரிமைகளை ஏற்றுள்ளது. பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலோடு, வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் பங்கு மண்டபத்தைத் திறந்துவிடுவது நமக்கு அரிதா? இப்பிள்ளைகள் எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் உள்ளனர். காயலின் இசுலாமியத் தாயும் அங்கு வந்தமரட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் கற்பர் என நாம் உறுதி கூறோம். ஆயினும், தானே உண்ணவும் உடுக்கவும் பழகிய அளவுக்கு அத்தாயின் கலக்கம் குறையும். எனவே, பெற்றோரே, நாளைக் காலை அவசரப்படாதீர்கள். கடைசிப் பொத்தானைப் பிள்ளைக்கு விட்டுவையுங்கள்.