முதலாளி போன பின்பும் துளிர்த்த கொழுந்து



வேலையிழந்து நிற்கும் வாலிபனைக் கண்டால், எறும்பைக் காட்டிப் புத்தி சொல்லுவது நம் சபைகளில் வழக்கம். நானும் அப்படிப் பிரசங்கித்தவனே. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களின் கதையை அறிந்த பின்பு அந்தப் பிரசங்கம் என் வாயில் எளிதாய் வருவதில்லை.

1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது இந்தியத் தேயிலைக்கு இருந்த பெரிய சந்தை ஒடுங்கிற்று. 1990களின் இறுதியில் விலையும் சரிந்தது. 2000-ஆம் ஆண்டில் பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் லோன்ட்ரீ, சீந்தலார் தோட்டங்கள் கைவிடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்கள் சோம்பேறிகளா? விடியுமுன் எழுந்து, லயத்தில் கஞ்சி வைத்து, அட்டை ஏறும் ஈரச் சரிவிலே நின்று இரண்டிலையும் ஒரு மொட்டுமாய்க் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். உழைப்பில் குறையில்லை, ஆனாலும் சம்பளமும் பணிக்கொடையும் பாக்கியாய் நின்றன.

தேயிலைச் செடியைப் பறிக்காமலும் கவாத்து செய்யாமலும் விட்டால் அது மரமாய் ஓங்கிவிடும். பின்பு கொழுந்துக்கு ஆகாது. ஆகவே தொழிலாளர்கள் செடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, தாங்களே பறித்து விற்றுப் பிழைத்தார்கள். இதில் ஒரு கஷ்டம் உண்டு. பறித்த பச்சைக் கொழுந்து வைத்திருந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். தொழிற்சாலை பூட்டிக் கிடக்கையில், வந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். போதாததற்குச் சிலர் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். பிள்ளைகளில் பலர் நகரங்களுக்கு இறங்கினார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய வீடும் அந்த லயத்தில் இருந்திருக்கலாம்.

பொறுமை என்றால் வாய்மூடியிருப்பது என்று எண்ணாதிருங்கள். கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய பாக்கிக்காக 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்ததும் நியாயம் கேட்டதும் ஒரே உழைப்பின் இரு பாகங்களே.

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிலவுதியுராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைக்கிறார்கள். வீடு போயிற்று, ஊர் போயிற்று. கைத்தொழில் கூடவே வந்தது. வாலிபரே, சம்பளம் ஒழுங்காய் வரும் நாட்களிலேயே, ஒரு கம்பெனியின் வாசலோடு முடிந்துவிடாத தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வெல்டிங் ஆனாலும் கணக்கெழுதுவது ஆனாலும் தையல் ஆனாலும் சரி.

மூப்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போன சகோதரனிடம், "என்ன பாவம் செய்தாய்?" என்கிற தோரணையில் பேசாதிருங்கள். அவனுக்காக ஜெபியுங்கள்; திங்கட்கிழமை காலையில் உங்கள் அலுவலகத்தில் இடமுண்டா என்றும் விசாரியுங்கள். அந்நிய பட்டணத்தில் பவுல் வந்து நின்றபோது, ஆக்கில்லாவின் வீட்டில் அவருக்குத் தங்க இடமும் செய்ய வேலையும் கிடைத்தன.